ஒற்றை அளவுகோலில் அடங்காத அநீதி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சமத்துவமின்மையைப் பற்றிப் பேசும்போது சாதி, பாலினம், வர்க்கம், உடல் குறைபாடு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுவதே நம் வழக்கம். சட்டங்களும் அப்படியேதான் இயற்றப்பட்டிருக்கின்றன. ஆனால், ஒருவருடைய வாழ்க்கையில் இவை முறை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வருவதில்லை. ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து செயல்படும் இந்த அதிகாரங்களை அவற்றின் பிணைப்போடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் கருத்துதான் இன்டர்செக்‌ஷனாலிட்டி. தமிழில் இதைக் குறுக்குவெட்டுப் பார்வை என்கிறோம். இக்கருத்து நீதிமன்றத்தில் எழுந்த ஒரு சிக்கலிலிருந்து வளர்ந்தது என்பதால், வழக்குகளின் வழியாகவே இதை விளக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எம்மா டிகிராஃபென்ரீட் என்பவரும் வேறு நான்கு கறுப்பினப் பெண்களும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 1964ஆம் ஆண்டுக்கு முன் அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. 1970க்குப் பின் சேர்க்கப்பட்ட கறுப்பினப் பெண்கள் அனைவரும், பொருளாதார மந்தத்தின்போது பணிமூப்பின்படி ஆட்குறைப்பு நடந்ததில் வேலையிழந்தார்கள். கடைசியாக வந்தவரை முதலில் அனுப்புவது என்பது மேலோட்டமாகப் பார்த்தால் எல்லோருக்கும் பொதுவான விதி. ஆனால், முன்பே வந்து சேர வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்குப் பணிமூப்பு எங்கிருந்து வரும்?

1976இல் மாவட்ட நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நிறுவனம் 1964க்கு முன்பே பெண்களை வேலைக்கு எடுத்திருந்ததால், பாலினப் பாகுபாடு என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. அப்படி முன்பே வேலைக்கு எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையினத்தவர் என்பது கணக்கில் வரவில்லை. இனப் பாகுபாட்டுப் புகாரைப் பொறுத்தவரை, அதே நிறுவனத்தின் மீது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மற்றொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளலாம் என்றது. இனத்தையும் பாலினத்தையும் இணைத்து நிவாரணம் கேட்பது, சட்டம் இயற்றியவர்கள் கருதாத ஒரு புதிய சலுகையை உருவாக்கிவிடும் என்பது நீதிமன்றத்தின் அச்சம். இரண்டு வகையான பாதுகாப்புக்கு உரிமை பெற்ற ஐந்து பெண்கள் இரண்டில் எதுவும் இல்லாமல் வெளியே வந்தார்கள்.

சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா குறுக்குவெட்டுப் பார்வையை முன்வைத்து 1989இல் எழுதிய கட்டுரையில் இந்த வழக்கைத்தான் முதன்மைச் சான்றாக எடுத்துக்கொண்டார். நான்கு திசைகளிலிருந்தும் வாகனங்கள் வந்து போகும் நாற்சந்தியில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கும்போது, எந்தச் சாலையிலிருந்து வந்த வண்டி மோதியது என்பதைத் தனித்துக் காட்டினால்தான் சிகிச்சை என்று சொல்வது போன்றது இது என்று அவர் விளக்கினார்.

இக்கருத்தை அடையாளங்களைக் கூட்டிப் பட்டியல் போடும் வேலை என்று சிலர் விமர்சிக்கிறார்கள். அந்த விமர்சனத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இது வெறும் கூட்டல் கணக்காக இருந்திருந்தால், இரண்டு ஒடுக்குமுறைகளுக்கு ஆளானவருக்கு இரண்டு மடங்கு பாதுகாப்பாவது கிடைத்திருக்க வேண்டும். நடந்ததோ அதற்கு நேர்மாறானது. ஓர் அதிகாரம் மற்றோர் அதிகாரத்தைத் தாங்கி நிற்பதையே இப்பார்வை கவனிக்கச் சொல்கிறது. இதை இந்தியர்களாகிய நாம் அயல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கவும் இயலாது. 1916ஆம் ஆண்டு மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த ஆய்வுரையில், சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமண முறையைக் காப்பாற்றுவதற்காகவே உடன்கட்டை ஏறுதலும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் நிலைபெற்றன என்று இளைஞரான அம்பேத்கர் வாதிட்டார். பெண்ணின் மீதான கட்டுப்பாடு இல்லாமல் சாதி நிலைக்காது என்பதுதான் அந்த வாதத்தின் உட்பொருள்.

இப்போது 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்புக்கு வருகிறேன். ஆந்திரப் பிரதேசத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த, பிறவியிலேயே பார்வையற்ற ஓர் இளம்பெண் 2011இல் தன் வீட்டிலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றவாளி அவருடைய சகோதரர்களுக்குப் பழக்கமானவர், வீட்டுக்கு வந்து போனவர். அந்தப் பெண் அவரைக் குரலை வைத்து அடையாளம் காட்டினார். கண்ணால் பார்க்காதவரின் சாட்சியம் என்பதால் அது எந்த விதத்திலும் தாழ்ந்ததாகிவிடாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சாதி, பாலினம், உடல் குறைபாடு ஆகிய மூன்றும் சேர்ந்து அவரை எப்படிப்பட்ட நிலையில் நிறுத்தின என்பதைக் குறுக்குவெட்டுப் பார்வையின் துணையோடு விரிவாக ஆராய்ந்தது. குற்றத்துக்குச் சாதி மட்டுமே காரணம் என்று காட்டச் சொல்வது தவறு, பல காரணங்களில் அதுவும் ஒன்றாக இருக்கலாம் என்றும் கூறியது.

ஆயினும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட தண்டனை ரத்தானது. பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனை மட்டும் உறுதி செய்யப்பட்டது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்ற காரணத்தால் குற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது அப்போதிருந்த சட்டப்பிரிவின் வாசகம். அதை நிறுவ அரசுத் தரப்பு தனிச் சான்று எதையும் முன்வைக்கவில்லை. மூன்றும் பிரிக்க முடியாதவை என்று ஏற்றுக்கொண்ட அதே தீர்ப்பில், சாதிக்கான சான்று மட்டும் இல்லாமல் போனது. இந்த இடத்தில்தான் நம் கவனம் இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். கருத்து உச்ச நீதிமன்றம் வரை எட்டிவிட்டது. வாக்குமூலம் பதிவு செய்யும் காவல் நிலையத்தை எட்டவில்லை. சாதியைப் பற்றிய கேள்விகளை விசாரணை அதிகாரி முதல் நாளிலேயே கேட்டுப் பதிந்திருக்காவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்து எந்த நீதிபதியாலும் அந்த வெற்றிடத்தை நிரப்ப முடியாது.

2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவரின் சாதியை அறிந்திருந்தாலே போதும் என்று அந்த வாசகத்தை மாற்றியது. பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ குற்றவாளிக்கு நேரடியாகத் தெரியுமென்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கவும் இப்போது வழியுண்டு. 2011இல் நடந்த குற்றத்துக்கு அது பொருந்தவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் சிறப்புக் கல்வியாளர்களையும் உரைபெயர்ப்பாளர்களையும் நியமித்து அவர்களின் பட்டியலைக் காவல் நிலையங்களில் வைத்திருப்பது, நீதிபதிகளுக்குப் பயிற்சி அளிப்பது ஆகியவற்றோடு, தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பெண்களுக்கு எதிரான வன்முறைத் தரவுகளை உடல் குறைபாட்டின் அடிப்படையிலும் பகுத்துத் தொகுப்பது பற்றித் தீவிரமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு அறிவுறுத்தியது. அப்படிப் பகுத்த கணக்கு இருந்தால்தான், பார்வையற்ற அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் எத்தனை பேர் புகார் கொடுத்தார்கள், அவற்றில் எத்தனை வழக்குகள் தண்டனையில் முடிந்தன என்று நாம் கேட்கவே முடியும்.