பழைய லினக்ஸில் கட்டுங்கள்

நேயர்களே, வணக்கம். பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு சோதனை இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் ஓடுவது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 20.04 பதிப்பு. நிரல் எழுதுபவரின் மடிக்கணினியில் அதைவிடப் புதிய உபுண்டு 24.04. மேசையில் ஒழுங்காக ஓடிய நிரல், இயந்திரத்தில் ஏற்றியதும் "ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை" என்று சொல்லி நின்றுவிடும். உடனே எல்லாரும், மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரைத்தான் திட்டுவார்கள். பாவம், அதன் மேல் குற்றம் குறைவு.

ஓடும் நேரத்தில் நிரலுக்குத் துணை சி நூலகமான ஜிலிப்சி. அதிலுள்ள செயற்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிப்பு முத்திரை உண்டு. நிரலைக் கட்டும்போது, அதாவது மூலநிரலிலிருந்து ஓடும் கோப்பை உருவாக்கும்போது, அந்தக் கணினியில் எந்த முத்திரை நடப்பில் இருக்கிறதோ அதை, நிரலை நூலகத்தோடு இணைக்கும் லிங்கர் நிரலுக்குள் எழுதி வைத்துவிடும். உபுண்டு 20.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.31, 24.04-இல் 2.39. இடையில் 2021-இல் வந்த 2.34, நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூறுக்கே புது முத்திரை குத்தியது. அதனால் "வணக்கம்" என்று ஒரே வரி அச்சிடும் நிரல்கூட, 24.04-இல் வழக்கம்போலக் கட்டினால் 20.04-இல் எழும்பாது. பழையதில் கட்டியது புதியதில் பெரும்பாலும் ஓடும். பழைய முத்திரைகளையும் ஜிலிப்சி பத்திரமாக வைத்திருக்கிறது.

அனுப்புமுன் சோதியுங்கள். ஆப்ஜ்டம்ப் கட்டளை, சிறு கோடு, பெரிய டி, பிறகு நிரலின் பெயர். வருவதில் ஜிலிப்சி வரிகளை மட்டும், வரி தேடும் கட்டளையான கிரெப்பால் வடிகட்டுங்கள். அதில் ஆகப் புதிய எண்தான் உங்கள் நிரல் கேட்கும் குறைந்தபட்சம். தசமம் என்று நினைத்துப் படிக்காதீர்கள்: 2.4-ஐவிட 2.17 புதியது. இதில் தடுக்கி விழுந்தவர்கள் நிறைய.

இதற்கு வழி எளிது. ஒரு கணினிக்குள் வேறொரு லினக்ஸ் சூழலை ஓட்டும் டாக்கரில் உபுண்டு 20.04 படிமத்தை எடுத்து, அதற்குள்ளேயே கட்டுங்கள். அங்கே வரும் ஜிசிசி 9 கம்பைலர் போதாது, புதிய சி பிளஸ் பிளஸ் வேண்டும் என்றால் அல்மாலினக்ஸ் 8 என்ற இன்னொரு லினக்ஸ் நல்லது. அதிலுள்ள ஜிலிப்சி 2.28-ஐத் தொடாமல், ஜிசிசி டூல்செட் தொகுப்பின் வழியே புதிய கம்பைலர் மட்டும் கிடைக்கும்.

சி பிளஸ் பிளஸ் நூலகத்துக்குத் தனி முத்திரை வரிசை இருக்கிறது. அதை நிரலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டிவிடலாம். ஆனால் 2015-இல் வந்த ஜிசிசி 5, எழுத்துத் தொடரை வைக்கும் ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பையே மாற்றியது. அதற்கு முன் கட்டிய நூலகத்தை மூலநிரல் இல்லாமல் யாராவது கையில் கொடுத்தால், இணைக்கும்போது "சிஎக்ஸ்எக்ஸ்11" என்ற சொல் கலந்த பிழைகள் வரிசையாக வரும். அப்போது உங்கள் நிரலையும் பழைய ஸ்ட்ரிங் அமைப்புக்கு மாற்றித்தான் கட்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். புதிய கணினியின் ஜிலிப்சி கோப்பை எடுத்துப் பழையதன் மேல் ஒட்டாதீர்கள். அதற்கும், நிரல்களை நினைவகத்தில் ஏற்றும் பழைய லோடருக்கும் ஒத்துப்போகாது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் ஓடாது, நகலெடுக்கும் சிபி ஓடாது, பழைய கோப்பைத் திரும்ப வைக்கக்கூட ஒரு கட்டளை மிஞ்சாது. யூஎஸ்பியில் பூட் செய்துதான் மீட்க வேண்டியிருக்கும், அதுவரை உற்பத்தி வரிசை நிற்கும்.

வணக்கம்.