கண்பழக்கமும் கட்டுமரமும்

அவைத் தலைவர் அவர்களே, எத்தனையோ பணிகளுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, காசிமேட்டுப் பஞ்சாயத்துப் பெரியவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியை அவர்களே, மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ஆங்கில எழுத்தின் கோளாறு, அந்த மொழி வாங்கிய கடன் சொற்கள், அமெரிக்கர்கள் செய்த திருத்தம் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்.

'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்பார்கள். ஆங்கில எழுத்து இரண்டிலும் சேராது, அது கண்பழக்கம். போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லின் முன்னால் ஏன் ஒரு 'கே'? ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் அதை வாய்விட்டு உச்சரித்தார்கள். 1476இல் வில்லியம் கேக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கினார். எழுத்து அச்சில் உறைந்தது; நாக்கு தன் வழியே போய்விட்டது. கடனைக் குறிக்கும் 'டெட்' பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' கிடையாது. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் படித்தவர்கள் பின்னால் செருகியது அது. கடன் என்ற சொல்லையே கடன் வாங்கி, வட்டிக்கு ஓர் எழுத்தையும் ஏற்றிய மொழி!

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஆசிரியர் டிக்டேஷனில் 'கேட்டமரான்' என்றார். எனக்கு விளங்கவில்லை. பக்கத்துப் பையன், "கட்டுமரம்தான்" என்று கிசுகிசுத்தான். அப்பாவின் மரமா! எனக்குத் தெரியாததா? 'கே' போட்டுத் தொடங்கி, நடுவே இரண்டு 'டி' வைத்து, 'எம்' போட்டு முடித்தேன். சிவப்பு மையில் ஒரு கோடு. "ஐயா, எங்கள் அப்பா 'ம்' என்றுதான் சொல்வார்" என்றேன். மதியம் வரை வாசலில் நின்றேன். மாலையில் கரைக்கு ஓடினேன். அப்பா வலைக்கண்ணைத் தைத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "அவர்கள் நுனி முடிச்சைச் சரியாகப் போடவில்லை, அதனால் அவிழ்ந்துவிட்டது. நீ அவர்கள் கட்டியபடியும் கட்டக் கற்றுக்கொள்." பின்னாளில் படித்தேன்: டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலிலேயே சோழமண்டலக் கரையின் இந்தச் சொல்லைப் பதிந்திருக்கிறார். இன்று ஆங்கிலத்தில் அது இரட்டை உடல் கொண்ட படகுக்குப் பெயர். சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆனது, இன்னும் எத்தனையோ.

சித்திரமும் கைப்பழக்கம் என்றேன் அல்லவா? கைக்குத் தூரிகை வேண்டும்; கண்ணுக்குப் புத்தகம் வேண்டும். காதால் கேட்டு ஆங்கிலம் எழுத வராது என்று இவ்வளவு நேரம் சொன்னதே இதற்காகத்தான். இரவெல்லாம் கடலில் இருந்த தந்தை பகலில் உறங்கும் ஒற்றை அறை வீட்டில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? மாமன்ற உறுப்பினர் அவர்களே, மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே, இரவு ஒன்பது மணி வரை விளக்கெரியும் ஒரு படிப்பகம் வேண்டும். பத்து நாற்காலி போதும். மூன்றாவது செய்தியை அந்தப் படிப்பகத்தில் வந்து பேசுகிறேன். நாற்பது ஆண்டுகளாக நான் புரட்டிய ஆங்கில அகராதி இதோ இந்த மேசையில் இருக்கிறது. இதை நான் திரும்ப எடுத்துப் போகப்போவதில்லை.