கடைசி வீட்டுக் குழாயில தண்ணி வருதா? ஆரோவில் காட்டுக்குள்ள ஒரு கோடைக் காலை

வணக்கம் மக்களே. மணி காலைல ஆறே கால். கத்திரி நடக்குது, இப்பவே சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. புதுச்சேரி பக்கத்துல, ஆரோவில்ல காட்டுக்கு நடுவுல இருக்கிற ஒரு குடியிருப்புல நிக்கிறேன். மொத்தம் பன்னிரண்டு வீடு. இது பைப் லைன்ல கடைசி வீடு. குழாயைத் திறக்கிறேன், சத்தம் கேளுங்க... புஸ்ஸுனு காத்து மட்டும்தான். மேல டேங்க்ல பாதிக்கு மேல தண்ணி இருக்கு, ஆனா இங்க வரல. மத்த பதினோரு வீட்டுலயும் இந்நேரம் செடிக்குத் தண்ணி விடுறாங்க, குளிக்கிறாங்க. யார் மேலயும் தப்பு இல்ல. லைன் அப்படி.

1968 பிப்ரவரி 28ல ஆரோவில் தொடங்குனப்ப இந்த மேடு முழுக்க மழை அரிச்ச செம்மண் ஓடைதான். கரை போட்டு மழைத்தண்ணியை நிறுத்தி, மரம் வச்சு வச்சுத்தான் இந்த நிழல் வந்துச்சு. 50,000 பேருக்குன்னு போட்ட திட்டம், இப்ப மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருக்காங்க. ஆளு கூடும், வீடு கூடும். நிலத்தடித் தண்ணி அப்படிக் கூடாது. கடல் பக்கத்துலயே இருக்கு, அளவுக்கு மீறி உறிஞ்சுனா உப்பு உள்ள ஏறிடும். அதனால புதுசா போர் போடுறதைப் பத்தி இன்னைக்குப் பேசப் போறதில்ல. இருக்கிற தண்ணியைக் கடைசி வீடு வரைக்கும் எப்படிக் கொண்டு போறதுன்னு பார்ப்போம்.

கணக்கு இதுதான். பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு மூணு பேர், ஆளுக்கு 70 லிட்டர். ஒரு நாளைக்கு 2,520 லிட்டர். 5,000 லிட்டர் டேங்க் இருந்தா ரெண்டு நாள் தாங்கும். ஒரு நாள் மேகம் போட்டு சோலார் பம்பு இழுக்கலைன்னாலும் பயம் இல்ல. இவ்வளவு இருந்தும் கடைசி வீடு காயுதுன்னா குறை தண்ணியில இல்ல, பங்குலதான்.

சரி பண்ண வாங்க. ஒவ்வொரு வீட்டு லைன் தொடக்கத்துலயும் ஒரு கேட் வால்வு. ஒரு 15 லிட்டர் பக்கெட், ஒரு போன் ஸ்டாப்வாட்ச். பன்னிரண்டு வீட்டுக் குழாயையும் ஒரே நேரத்துல திறக்கணும், இதுதான் முக்கியம். தனித்தனியா திறந்து பார்த்தா எல்லா வீட்டுலயும் ஜோரா வரும், ஏமாந்துடுவீங்க. கடைசி வீட்டு வால்வு முழுசா திறந்தே இருக்கட்டும். டேங்க் பக்கத்து வீட்டுலேர்ந்து ஒவ்வொண்ணா குறைச்சுக்கிட்டே வாங்க. எந்த வீட்டுலயும் பக்கெட் நிறைய சுமார் மூணு நிமிஷம் ஆகணும், அதாவது நிமிஷத்துக்கு அஞ்சு லிட்டர். ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு மாறும், ரெண்டு மூணு சுத்து வரணும். முடிஞ்சதும் வால்வோட கைப்பிடியைக் கழட்டிப் பொது இடத்துல மாட்டிடுங்க. வெயில் ஏற ஏற, ‘கொஞ்சூண்டு திறந்துக்கலாம்’னு கை போகும். யாரா இருந்தாலும் போகும்.

வீட்டுக்கு வீடு 500 லிட்டர் சின்ன டேங்க் வச்சு, நிறைஞ்சதும் தானா மூடிக்கிற மிதவை வால்வு போட்டுட்டா இன்னும் நிம்மதி. மெதுவா நிறையும், அவசரப்பட வேண்டாம். ஆனா மிதவை வால்வு வாஷர்ல ஒரு மணல் துணுக்கு சிக்குனா போதும், ராத்திரி பூரா வழியும். வழியுற குழாயைப் பலபேரு வீட்டுக்குப் பின்னாடி புதருக்குள்ள விட்டு வைக்கிறாங்க. வேணாங்க. நடக்கிற பாதை ஓரமா திருப்பி விடுங்க. நீங்க ஊர்ல இல்லாட்டியும் அந்தப் பக்கம் போற ஆள் பார்த்துட்டு வந்து அடைச்சுடுவாரு.

கண்ணுக்குத் தெரியாத ஒழுகலுக்கு ஒரு வழி இருக்கு. இந்தா, பெரிய டேங்க்ல ஒட்டுன கண்ணாடிக் குழாய் தெரியுதா? ராத்திரி பத்து மணிக்கு எல்லாரும் குழாயை மூடுனதும் தண்ணி மட்டத்துல மார்க்கர்ல ஒரு கோடு. விடிகாலை அஞ்சு மணிக்கு, யாரும் குழாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி வந்து பாருங்க. 1.8 மீட்டர் அகல வட்ட டேங்க்ல ஒரு சென்டிமீட்டர் இறங்குனா 25 லிட்டர் போயிருக்குன்னு அர்த்தம். மூணு சென்டிமீட்டர்னா 75 லிட்டர், அதுவும் ஏழு மணி நேரத்துல. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டா 250 லிட்டருக்கு மேல. மூணு பேர் புழங்குற தண்ணியை விட அதிகம்!

பொதுச் சமையலறை வாசல்ல கை கழுவ தொங்குற இந்த டம்ளரைப் பாருங்க. அடியில ரெண்டு மில்லிமீட்டர் ஓட்டை, அவ்வளவுதான். நூல் மாதிரி விழும். 150 மில்லியில சோப்பு போட்டுக் கழுவிடலாம். குழாயைத் திறந்து விட்டா ஒரு லிட்டர் சும்மா போகும். ஆணியால குத்துனா ஓட்டை பெருசாகி ஓரம் கிழியும், டிரில்லால போடுங்க.

அடுத்தது வேலிக்கு அந்தப் பக்கம். கடைசி வீடுன்னு சொன்னேன்ல, உண்மையில கடைசி வீடு பக்கத்துக் கிராமம்தான். குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி எல்லாம் ஆரோவில் வர்றதுக்கு முன்னாடியே இருந்த ஊருங்க. சுற்றுச்சூழல் கிராமம்னு போர்டு வைக்கிறவங்க நிஜக் கிராமத்தை மறந்துடக் கூடாது. மே மாசத்துல ஒரு மாடு நாளைக்கு 50 லிட்டர் வரைக்கும் குடிக்கும். பத்து மாடு வந்தா 500 லிட்டர் தொட்டி ஒரே நாள்ல காலி. வேலி ஓரத்துல தொட்டி வச்சு மிதவையைத் திறந்து போட்டா மாடு மூக்கால தள்ளி உடைச்சுடும். தொட்டியில ஒரு மூலையைச் செங்கல் வச்சுத் தடுத்து, மேல கடப்பாக் கல் போட்டு மிதவையை அதுக்குள்ள வைங்க. கீழ்வரிசைச் செங்கல்ல ஒரு இடைவெளி விட்டுடணும், தண்ணி ரெண்டு பக்கமும் சமமா நிக்கும். வாரம் ஒருமுறை தேய்ச்சுக் கழுவணும், இல்லன்னா பாசி, கொசு. அந்த ஊர்ல ஆடு மேய்க்கிறவங்கதான் நம்ம காட்டுக்குள்ள புகை கண்டா முதல்ல கத்துறவங்க. கத்திச் சவுக்கு மரத்துச் சருகு இந்த மாசத்துல காகிதம் மாதிரி தீப்பிடிக்கும்.

பத்து மணிக்கு எல்லாருக்கும் கூழ். முப்பது டம்ளருக்கு ஒரு கிலோ கேழ்வரகு மாவு, அரைக் கிலோ அரிசி நொய். மாவை முந்தின நாள் சாயங்காலமே கரைச்சா இந்த வெயிலுக்குப் புளிச்சு ஏறிடும். ராத்திரி பத்துக்கு மேல கரைங்க, காலைல ஆறு மணிக்குச் சரியா இருக்கும். நொய் நல்லா வெந்ததும் மாவை ஒரே கொட்டா கொட்டாம, ஒருத்தர் ஊத்த ஒருத்தர் கிண்டணும். ஈரக்கையால தொட்டா ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறவச்சு மோர், உப்பு, சின்ன வெங்காயம்.

அங்க வால்வுகிட்ட ஆள் வந்துட்டாங்க, பக்கெட்டும் வந்தாச்சு. கேமராவைக் கீழ வச்சுட்டுப் போறேன், அந்தக் கடைசிக் குழாயை ஒரு ஆள் பிடிச்சு நேரம் பார்க்கணும்.