பாட்டிக்குப் படிவம் நீட்டியவர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தலைப்பு: கொரோனாக் காலத்தில் அமெரிக்காவில் ஆசியர் மீதான வெறுப்பை எதிர்த்து நின்றது சட்டமா, சமூகமா? நான் சமூகத்தின் பக்கம்.

எதிரணித் தோழர் கேட்டார்: "அடிபட்டவங்க கையில ஒரு படிவத்தை நீட்டினீங்க. வேற என்ன கிழிச்சீங்க?" கைதட்டலும் வாங்கினார். சரி ஐயா, அந்தப் படிவத்தையே பேசுவோம்.

ஒரு ரயில்பெட்டி. சீனப் பாட்டி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஒருவன் முகத்துக்கு நேரே கத்துகிறான்: "வைரஸே, உன் நாட்டுக்குப் போ!" பாட்டி போலீசிடம் போனால் என்ன கேட்பார்கள்? "கை வச்சானா? மிரட்டினானா?" இரண்டும் இல்லையா, வழக்கும் இல்லை. அந்த ஊர்ச் சட்டத்தில் வெறும் வசை பெரும்பாலும் பேச்சுரிமைக்குள் போய்விடும். பாட்டி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அரசாங்கக் கணக்கில் அன்று ஒன்றுமே நடக்கவில்லை!

2020 மார்ச் 19 அன்று 'ஸ்டாப் ஏ.ஏ.பி.ஐ. ஹேட்' (ஆசிய அமெரிக்கர், பசிபிக் தீவினர் மீதான வெறுப்பை நிறுத்து) என்ற சமூக அமைப்பு இணையத்தில் ஒரு படிவம் வைத்தது. எங்கே, எப்போது, என்ன சொன்னான் என்று பாட்டியிடம் அவர் மொழியிலேயே கேட்டது. 2021 பிப்ரவரி முடிய 3,795 பதிவுகள். அதில் 68 விழுக்காடு வாய்வசை, உடல் தாக்குதல் 11 விழுக்காடு. போலீஸ் பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால் அந்த 68 விழுக்காடு எங்கே போயிருக்கும்?

தோழர் தூக்கிப் பிடிக்கும் கொரோனா வெறுப்புக் குற்றச் சட்டம் கையெழுத்தானது 2021 மே 20-இல். அதில் என்ன இருக்கிறது? இணையவழிப் புகார், பல மொழிகளில்! 14 மாதம் கழித்துச் சட்டமும் அந்தப் படிவத்தைத்தானே ஐயா நீட்டியது?

மறுபடி அந்த ரயில்பெட்டிக்கு வாருங்கள். நாம் அங்கே இருந்தால் அவனோடு சண்டைக்குப் போவோம். அவன் கோபம் ஏறும், அடி பாட்டிக்கு விழும். சமூக அமைப்புகள் தந்த பயிற்சி வேறு. பாட்டி பக்கத்தில் போய் உட்கார். அவனை ஏறிட்டும் பார்க்காதே. "அடுத்த ஸ்டேஷன் எதுங்க?" என்று பாட்டியிடம் பேச்சுக் கொடு. வேறொருவர் துணைக்கு இருந்தால் மட்டும் தள்ளி நின்று படம் எடு. இடமும் நேரமும் வாயால் சொல்லிப் பதிவுசெய். அந்தப் படம் பாட்டிக்குச் சொந்தம். அவர் கேட்காமல் ஊருக்குப் பரப்பாதே. போலீசைக் கூப்பிடவும் அவரைக் கேள்.

2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் காலை நடை போன 84 வயதுத் தாய்லாந்துப் பெரியவரைத் தள்ளிவிட்டார்கள், உயிர் பிழைக்கவில்லை. அடுத்த மாதமே பக்கத்து ஊரான ஓக்லாந்தின் சீனர் பகுதியான சைனாடவுனுக்காக ஓர் இளைஞர் எழுதினார்: தனியே நடக்கப் பயமா, நான் கூட வருகிறேன். அவர் ஆசியர்கூட இல்லை. அவர் பின்னால் நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள்.

நடுவர் அவர்களே, நம் ரயில்பெட்டிப் பாட்டி நாளைக்குக் காய் வாங்கக் கதவைத் திறக்க வேண்டும். திறக்கும்போது வாசலில் ஒரு பிள்ளை நிற்க வேண்டும். "வாங்க பாட்டி, பையை நான் தூக்கிக்கிறேன்" என்று சொல்ல ஒரு பிள்ளை.