கப்பம் கட்டிய அமெரிக்கா கப்பல் கட்டிய கதை

வணக்கம் மக்களே. 1785-ல் அமெரிக்காவிடம் ஒரு போர்க்கப்பல்கூடக் கிடையாது. சுதந்திரப் போர் முடிந்து கஜானா காலி, கடைசிக் கப்பலான அலையன்ஸையும் விற்றாயிற்று. அதே வருடம் வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ்காரர்கள் இரண்டு அமெரிக்க வணிகக் கப்பல்களை மடக்கி, மாலுமிகளை அடிமைகளாக்கினார்கள். அவர்களில் பலர் விடுதலையாக 1796 ஆகிவிட்டது. பதினோரு வருடம்!

(திரையில்: வட ஆப்பிரிக்கக் கரை)

இந்தக் கரையில் நான்கு அரசுகள்: மொராக்கோ, அல்ஜியர்ஸ், துனிஸ், திரிபோலி. கப்பம் கட்டினால் வழி விடுவார்கள், இல்லாவிட்டால் கப்பலும் போச்சு, ஆட்களும் போச்சு. முன்பு பிரிட்டிஷ் கொடி காப்பாற்றியது, இப்போது அதுவும் இல்லை. 1794-ல் ஆறு போர்க்கப்பல்கள் கட்டச் சட்டம் போட்டார்கள். ஆனாலும் அடுத்த வருடமே அல்ஜியர்ஸுக்கு ஆறு லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அப்புறம் திரிபோலியின் பாஷா, அதாவது ஆட்சியாளர், யூசுப் இன்னும் அதிகம் கேட்டார், கிடைக்கவில்லை, 1801 மே மாதம் அமெரிக்கத் தூதரகத்தின் கொடிக்கம்பத்தை வெட்டிச் சாய்க்கச் சொன்னார். போர் தொடங்கிவிட்டது.

1803 அக்டோபரில் பிலடெல்பியா என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், திரிபோலிக் கப்பலைத் துரத்திக்கொண்டு போய்ப் பாறைத்திட்டில் ஏறிவிட்டது. எடையைக் குறைக்கப் பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள், முன் பாய்மரத்தையே வெட்டினார்கள், அசையவில்லை. 307 பேரும் கைதானார்கள். கொடுமை என்னவென்றால், சரணடைந்த கொஞ்ச நாளிலேயே கப்பல் மிதந்து, எதிரியின் கைக்குப் போய்விட்டது.

1804 பிப்ரவரி 16 இரவு. பிடிபட்ட ஒரு உள்ளூர்ப் படகில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஸ்டீபன் டெக்கேட்டரும் அவருடைய ஆட்களும் பதுங்கி வருகிறார்கள். அவர்களோடு வந்த சிசிலிக்காரரான மாலுமி கேட்டலானோ, பிலடெல்பியாவில் இருந்த திரிபோலிக்காரர்களிடம், "புயலில் நங்கூரம் போச்சு, இன்று இரவு உங்கள் பக்கத்தில் கட்டிக்கொள்ளட்டுமா?" என்று கேட்கிறார். சரி என்று கயிறு கொடுக்கிறார்கள். அரைமணி நேரத்துக்குள் பிலடெல்பியா எரிகிறது, குண்டு ஏற்றி வைத்திருந்த அதன் பீரங்கிகள் சூட்டில் தாமாகவே வெடிக்கின்றன. டெக்கேட்டர் தரப்பில் ஒருவர்கூடச் சாகவில்லை.

இந்த வீரக்கதையோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏனென்றால் 1805-ல் கைதிகளை மீட்க அமெரிக்கா 60,000 டாலர் கொடுத்துத்தான் சமாதானம் செய்தது. யூசுப்பின் அண்ணன் ஹாமெத்தை அரியணையில் ஏற்றுகிறோம் என்று எகிப்திலிருந்து பாலைவனம் வழியாகக் கூட்டி வந்து, திரிபோலியின் டெர்னா நகரத்தையும் பிடித்த பிறகு, அவரைக் கைவிட்டுவிட்டார்கள். அவருடைய மனைவி, பிள்ளைகள் 1807 வரை யூசுப்பின் பிடியிலேயே இருந்தார்கள்.

அல்ஜியர்ஸுக்குக் கட்டிய கப்பம் ஒழிந்தது 1815-ல்தான். அதே டெக்கேட்டர் ஒரு படையோடு போய், இனிமேல் கப்பம் கிடையாது என்று எழுதி வாங்கினார்.