ஒளிந்துகொள்ள ஓர் இடம்

(பண்டாரவளையில் மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. எழுத்தாக்கும்போது சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)

பெரியோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், முன்வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன விடுமுறையில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை ரிதியகம சஃபாரி பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். விடியற்காலை நான்கு மணிக்கு பஸ் ஏறினோம். எல்ல, வெல்லவாய, தணமல்வில என்று மலையிலிருந்து இறங்க இறங்க, ஒவ்வொரு பிள்ளையாக ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டது. அம்பாந்தோட்டை மாவட்டத்துக்குள் நுழைந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. இலங்கையின் முதல் சஃபாரி பூங்கா அது. ஏறத்தாழ 500 ஏக்கர், 2016இல் திறந்தார்கள். நாம் நடந்து பார்க்க முடியாது. ஜன்னலுக்குக் கம்பி அடித்த பஸ்ஸில் உட்காரவைத்து அவர்களே கூட்டிப்போகிறார்கள்.

சிங்கங்கள் இருக்கும் பகுதிக்கு வந்ததும் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. பஸ் ஊர்ந்தது. புல், பற்றை, மறுபடியும் புல். கடைசியில் ஒரு பற்றைக்கடியில், காய்ந்த புல்லின் நிறத்திலேயே ஒரு வால். நுனியில் கறுப்புக் குஞ்சம். ஈ விரட்டுவதற்காக இரண்டு தடவை தரையில் தட்டியது, அப்புறம் அசையவில்லை. அவ்வளவுதான் சிங்கம்.

திரும்பி வரும்போது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "சேர், இவ்வளவு தூரம் வந்து வாலைத்தானே பார்த்தோம்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு ஏதோ சமாதானம் சொல்லிவைத்தேன். சரியான பதிலை இன்றைக்குச் சொல்கிறேன். தம்பி, அன்று முழுக்க நாம் பார்த்ததில் நல்ல காட்சி அந்த வால்தான்.

ஏன் என்று சொல்கிறேன். சின்ன வயதில் அப்பாவோடு ஒரு மிருகக்காட்சிசாலைக்குப் போனேன். எந்த இடம் என்பது இப்போது முக்கியமில்லை. சிமெந்துத் தரை, மூன்று பக்கம் சுவர், முன்னால் கம்பி, உள்ளே ஒரு சிறுத்தை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடக்கும், திரும்பும், மறுபடி நடக்கும். திரும்பும் இடத்தில் தரை மழமழவென்று தேய்ந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசல்படி மாதிரிப் பளபளத்தது. பார்க்க வந்தவர்கள் கைதட்டிக் கூப்பிட்டார்கள். அது யாரையும் பார்க்கவில்லை. அந்தக் கூண்டில் எங்கே போய் நின்றாலும் எங்கள் கண்ணுக்குத் தப்ப அதற்கு வழி இல்லை.

நாமும் தேயிலைத் தோட்ட லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் வளர்ந்த பரம்பரை. ஒரே அறையில் சமைத்து, படித்து, நோயில் படுத்து, பிள்ளை பெற்று வாழ்ந்தவர்கள். வேறு யாரோ அளந்து கட்டிய சுவருக்குள் தனியாக அழக்கூட ஒரு மூலை இல்லாமல் இருப்பது என்னவென்று நம் அம்மாமாருக்குத் தெரியும். மனிதரையும் மிருகத்தையும் ஒன்றாக்க இதைச் சொல்லவில்லை. ஒரு கூண்டைப் பார்த்தால் எதைக் கேட்க வேண்டும் என்று மற்றவர்களைவிட நமக்குச் சீக்கிரம் விளங்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கம்பியை எடுத்துவிட்டு விலங்குகளைக் காட்டலாம் என்று பெரிய அளவில் செய்து காட்டியவர் ஜெர்மனியின் கார்ல் ஹாகன்பெக். 1907இல் ஹம்பர்க் நகருக்குப் பக்கத்தில் கம்பிக்குப் பதிலாக அகழி வெட்டி, செயற்கைப் பாறை கட்டி ஒரு பூங்கா திறந்தார். சிங்கத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவில் ஒரு பள்ளம் மட்டும்தான். உலகமே வியந்தது. ஆனால் அந்த அகழி முதலில் யாருக்காக? பார்க்கிறவன் கண்ணுக்குக் கம்பி மறைக்கக் கூடாது என்பதற்காக. இதே மனிதர்தான் 1880களில் இலங்கை மக்களையும் யானைகளோடு கப்பலேற்றி, ஐரோப்பிய நகரங்களில் காசுக்குக் காட்டினார். அவர் குடும்பத்து ஜோன் ஹாகன்பெக் கொழும்புக்குப் பக்கத்துத் தெஹிவளையில் சேர்த்து வைத்த விலங்குகளைத்தான் 1936இல் அரசாங்கம் பொறுப்பேற்று மிருகக்காட்சிசாலை ஆக்கியது. நாம் சுற்றுலா போகும் இடத்தின் பழைய கதை இது. பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் 1966இல் இங்கிலாந்தின் லோங்லீட் என்ற இடத்தில் ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார்கள். சிங்கம் வெளியே, மனிதன் காருக்குள். சஃபாரி பூங்கா என்று இன்று சொல்வதற்கு அதுதான் தொடக்கம்.

இப்படிப்பட்ட பூங்காவில் கண்ணுக்குப் படாத வேலைதான் அதிகம். நீங்கள் கவனித்திருப்பீர்கள், சிங்கப் பகுதிக்குப் போகும்போது இரண்டு கேட் இருக்கும். முதல் கேட் மூடிய பிறகுதான் அடுத்தது திறக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது. வேலிக்குக் கிட்டே மரம் வளர விடமாட்டார்கள், ஏறித் தாண்டிவிடும். பின்பக்கம் இரவுக் கூடு இருக்கும். சாயங்காலம் இறைச்சியை அதற்குள் வைத்தால் சிங்கம் தானாக வந்து படுக்கும். அந்த நேரத்தில்தான் காவலர் ஒவ்வொன்றாக எண்ணுவார், நொண்டுகிறதா, தின்னாமல் விட்டதா என்று பார்ப்பார், மருந்து கொடுக்க வேண்டுமானால் கொடுப்பார். ஏக்கர் கணக்கில் இடம் கொடுத்துவிட்டு இந்தச் சின்ன அறையைச் சரியாகக் கட்டாவிட்டால் அந்தப் பூங்கா தேறாது. நாளில் பாதி நேரம் விலங்கு கிடப்பது அங்கேதான்.

சரி, இடம் பெரிதாக இருந்தால் போதுமா? ரோஸ் கிளப், ஜோர்ஜியா மேசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். காட்டில் எந்த ஊனுண்ணி விலங்கு அதிக தூரம் அலைகிறதோ, அதுதான் கூண்டுக்குள் அதிகம் உலாத்தித் தவிக்கிறது. பனிக்கரடி அதில் மிக மோசம். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை படுத்திருக்கும். ஆக, எத்தனை ஏக்கர் என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. நிழல் எங்கே, சண்டை வந்தால் இளையது ஓடி ஒதுங்க வழி எங்கே, நம் கண்ணுக்குத் தப்ப முடியுமா என்றெல்லாம் கேட்க வேண்டும். ரிதியகமவில் அந்த வாலைப் பார்த்தபோது, வெளியே வருவதா வேண்டாமா என்று சிங்கம் தானே தீர்மானித்திருந்தது.

அடைத்து வைப்பதே தப்பு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் ஓமானைக் காட்டுவேன். நம் தோட்டங்களிலிருந்து எத்தனையோ அக்காமார் வேலைக்குப் போகும் அதே ஓமான்தான். அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை மான் அந்தப் பாலைவனத்தில் இருந்தது. 1972இல் காட்டில் இருந்த கடைசி மானையும் வேட்டையாடி முடித்தார்கள். நல்லவேளை, பத்து வருடத்துக்கு முன்பே சிலவற்றைப் பிடித்து அமெரிக்காவின் பீனிக்ஸ் மிருகக்காட்சிசாலையில் குட்டி போடவைத்திருந்தார்கள். அந்த வழியில் வந்தவற்றை 1982இல் ஓமான் பாலைவனத்தில் திறந்துவிட்டார்கள். மந்தை பெருகி 400ஐத் தாண்டியது. கதை அங்கே முடியவில்லை. 1996இலிருந்து திரும்பவும் வேட்டை. பாதுகாப்பு நிலத்தையும் அரசு பெருமளவு குறைத்தது. 2007இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து எடுத்தே விட்டது. கூண்டு ஓர் இனத்தைக் காப்பாற்றிக் கையில் கொடுத்தது. ஓமானில் கொண்டுபோய் விட்ட நிலம்தான் பெருமளவு மிஞ்சவில்லை.

இதைக் கேட்கும்போது எனக்கு நம்முடைய மலைதான் ஞாபகம் வருகிறது. கோப்பிக்கும் தேயிலைக்கும் என்று காடு அழிந்தபோது, மரம் வெட்டியதில் நம் பூட்டன் பூட்டிமாரும் இருந்தார்கள், கூலிக்கு. சிறுத்தைக்கு மிச்சம் கிடைத்தது மலையுச்சியிலும் ஆற்றோரத்திலும் இருக்கும் துண்டுக் காடு. ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக அது தேயிலை மலைக்குள்தான் நடக்கிறது. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிறுத்தைக் கிளையினம் அது. வேலியோ டிக்கெட்டோ இல்லாமல் நம்மோடுதான் குடியிருக்கிறது. நாம் பார்ப்பது காலடியை மட்டும், சில நாள் லயத்து நாய் ஒன்று குறையும்.

2020 மே மாதம் நம் மலையகத்தில் நல்லதண்ணி என்ற இடத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. அபூர்வமான உயிர். மயக்க ஊசி போட்டு மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். சில நாளில் செத்துப்போனது. இப்படிப்பட்ட சுருக்கைச் சிறுத்தைக்காக யாரும் கட்டுவதில்லை, பன்றிக்குத்தான் கட்டுகிறார்கள். ஒரு இரவில் மரக்கறித் தோட்டம் முழுவதையும் கிளறிப்போட்டுவிட்டால் வயிறு எரியும், எனக்கும் தெரியும். எங்கள் வீட்டிலும் கிழங்குப் பாத்தி போயிருக்கிறது. ஆனால் கம்பிக்கு ஆள் தெரியாது. இழுக்க இழுக்க இடுப்பில் இறுகும். அறுத்து விட்டாலும் உள்காயத்தில் சாகும்.

பெரியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது தோட்டத்து வேலியோரம் ஒரு தடவை டோர்ச் அடித்துப் பாருங்கள். பழைய பிரேக் கம்பி, டெலிபோன் கம்பி, எது வளையமாகத் தொங்கினாலும் கழற்றிச் சுருட்டி எடுத்துவிடுங்கள். ஏதாவது மாட்டியிருந்தால் கிட்டப் போகவேண்டாம், கூட்டம் சேர்க்கவும் வேண்டாம், ஃபோனில் படம் பிடிக்கவும் வேண்டாம். வனஜீவராசிகள் திணைக்களத்தின் நம்பர் 1992. உடனே அழையுங்கள், அவர்கள் வந்து சேரும்வரை தூரமாக நின்று, பிள்ளைகளையும் நாய்களையும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.