நீரை விரட்டினால்தான் சங்கிலி நீளும்

[காட்சி: புறக்கோட்டைக் கடையொன்றில் தொங்கும் பொலியெஸ்டர் சேலைகள். பக்கத்துக் கடையில் நைலோன் கயிற்றுச் சுருள்.]

குரல்: சேலை பொலியெஸ்டர், கயிறு நைலோன். இரண்டும் ஒடுக்கற் பல்பகுதியங்கள்: சிறு மூலக்கூறுகள் (ஒருபகுதியங்கள்) ஒவ்வொரு இணைப்பிலும் நீர் போன்ற ஒரு சிறு மூலக்கூறை வெளியேற்றி நீண்ட சங்கிலியானவை. பொலித்தீனில் ஒருபகுதியங்கள் அப்படியே கோத்துக்கொள்ளும், எதுவும் வெளியே போகாது. இங்கே காபொட்சிலிக் அமிலக் கூட்டம் அற்ககோலோடு சேர்ந்தால் எசுத்தர்ப் பிணைப்பு, அமைனோடு சேர்ந்தால் ஏமைட்டுப் பிணைப்பு. ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு நீர் மூலக்கூறு கழன்று விழும். அந்த நீர் உள்ளேயே நின்றால் தாக்கம் பின்னோக்கித் திரும்பும்.

[காட்சி: ஆய்வுகூட மேசையில் ஒரு சிறிய முகவை, மிக அருகில்.]

குரல்: முதலில் நைலோன் 6,10. 50 மில்லிலீற்றர் நீரில் 2.2 கிராம் 1,6-டைஅமினோஹெக்சேன்; இதுதான் நம் அமைன். இது உருகுவது ஏறக்குறைய 42 பாகையில். கொழும்பு வெக்கையிலும் போத்தலுக்குள் கட்டியாகவே கிடக்கும். சுடுநீரில் போத்தலை வைத்து இளக்குங்கள். இன்னொரு பக்கம் 50 மில்லிலீற்றர் சைக்கிளோஹெக்சேனில் 1.5 கிராம் டெக்கேன்டையோயில் டைகுளோரைட்டு; அமிலத்துக்குப் பதிலாக அதன் குளோரைட்டு. சைக்கிளோஹெக்சேன் சட்டென்று தீப்பற்றும், பக்கத்தில் சுடரடுப்பு எரியக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

அமைன் கரைசலில் 5 மில்லிலீற்றரை முகவையில் ஊற்றுங்கள். மற்றக் கரைசலில் 5 மில்லிலீற்றரை முகவையின் சுவரோரமாக மெதுவாக வழியவிடுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் இரண்டும் கலந்து வெறும் கட்டிதான் மிஞ்சும். படைகள் சந்திக்கும் இடத்தில் பால்வெள்ளைத் தோல் ஒன்று படியும். சாவணத்தால் அதன் நடுவைப் பிடித்துத் தூக்கி, கண்ணாடிக்கோலில் ஒரே வேகத்தில் சுற்றுங்கள். தோலை எடுத்த இடத்தில் அடுத்த தோல் பிறப்பதால் நூல் அறாமல் வந்துகொண்டேயிருக்கும். நூலுக்குள் கரைசல் சிறைப்பட்டிருக்கும்; நன்றாகக் கழுவும்வரை வெறுங்கையால் தொடாதீர்கள்.

இங்கே கழல்வது நீரல்ல, ஐதரசன் குளோரைட்டு. அது அமைனைப் பிடித்து உப்பாக்கி முடக்கிவிடும். அதனால்தான் குளோரைட்டைப் போல மூன்று மடங்கு மூல் அமைன் எடுத்தோம்: ஒரு பங்கு சங்கிலிக்கு, ஒரு பங்கு அமிலத்தை உறிஞ்ச, மிச்சம் கைக்காவலுக்கு. தோலே வராவிட்டால் முதலில் குளோரைட்டுப் போத்தலைச் சந்தேகியுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அடிக்கடி திறந்து மூடிய போத்தலில் அது நீர்ப்பகுப்படைந்து அமிலமாகியிருக்கும்.

[காட்சி: திரையில் மூன்று எண்கள்.]

குரல்: உருகுநிலையில் செய்யும் தொழிற்சாலைக்கு அமைனை இப்படி மிகையாகப் போடும் தாராளம் இல்லை. கூட்டங்களில் 95 சதவீதம் தாக்கமடைந்தால் சங்கிலியின் சராசரி நீளம் 20 அலகு. 99 சதவீதத்துக்கு 100, 99.5க்கு 200. கடைசி ஒரு சதவீதத்தில்தான் நூலுக்குரிய பலம் வருகிறது. அமிலமோ அமைனோ ஒன்று மற்றதைவிட 2 சதவீதம் கூடினாலே, தாக்கம் முழுமையடைந்தும் நீளம் 100 அளவில் நின்றுவிடும். 1935இல் டூபொன்ட் ஆய்வுகூடத்தில் வொலஸ் கரோதர்ஸின் குழு உருவாக்கிய நைலோன் 6,6இற்கு இதற்கு அழகான வழியுண்டு: அமிலத்தையும் அமைனையும் முதலில் உப்பாகப் பளிங்காக்குவது. பளிங்குக்குள் விகிதம் சரியாக 1:1. பிறகு அமுக்கத்தில் சூடாக்கி, நீராவியைக் கொஞ்சங் கொஞ்சமாக வெளியேற்றுவார்கள்.

பொலியெஸ்டரில் வேறு வழி. தெரெப்தலிக் அமிலத்தோடு எதிலீன் கிளைக்கோலைக் கூடுதலாகவே போட்டு, இரு முனையிலும் ஐதரொட்சில் கூட்டம் உள்ள சிறு துண்டுகளைச் செய்வார்கள். பிறகு அந்திமனி ஊக்கியுடன் சுமார் 280 பாகையில் வெற்றிடம் இழுக்க, துண்டுகள் இணைந்து, மிகையான கிளைக்கோல் ஆவியாகிப் போகும்.

[காட்சி: மீள்சுழற்சிக்கு வந்த போத்தல் சில்லுகள்.]

குரல்: இந்தப் போத்தல்களும் பொலியெஸ்டர்தான். தாக்கம் திரும்பக்கூடியது என்பதை மறந்தால் நட்டம் இங்கேதான். ஈரமான சில்லுகளை உருக்கினால் அந்த நீரே எசுத்தர்ப் பிணைப்பை வெட்டும். உருகல் தண்ணீராய் ஓடும், வார்த்த பொருள் நொறுங்கும். சுமார் 160 பாகை உலர்காற்றில் 4 முதல் 6 மணிநேரம் காயவைத்து, ஈரத்தைக் கோடியில் 500 பங்குக்குக் கீழே இறக்க வேண்டும். காய்ந்த சில்லுகளைத் திறந்த வாளியில் வைக்காதீர்கள். உலர்த்தியிலிருந்து சூடு ஆறுமுன் நேராக இயந்திரத்துக்குள் விடுங்கள்.